பாதரசம் காணப்படவில்லை

இது நடந்த ஆண்டு எது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அருங்காட்சியகத்தின் முன்கதவுக்குப் பச்சை வண்ணம் அடித்த ஆண்டு என்று ஒரு நினைவு. இல்லை, அப்போது கதவு பழுப்பு என்று சாதிப்பவர்களும் இருக்கிறார்கள். முதல் துளி தெருவிலிருந்து படியேறி வந்ததா, பின்பக்கத்துக் கழிவுநீர்க் குழாய் வழியாக வந்ததா என்பதையும் நினைவை நம்பிச் சொல்வதற்கில்லை. ஒன்றில் மட்டும் சந்தேகம் இல்லை. ஆய்வுக்கூடத்திலிருந்து "பாதரசம் காணப்படவில்லை" என்று அறிக்கை போன சில வாரங்களில் பாதரசம் வந்தது. வேறெந்தப் பாதரசமும் அல்ல, முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு பட்டறையில் புகையாகிப் போன அதே பாதரசம், சொட்டுச் சொட்டாக, ஏற்றத்தில் உருண்டு வந்து, வாசலில் கதவு திறக்கும்வரை மரியாதையாகக் காத்திருந்தது.

அந்த அறிக்கையை எழுதியவளை அருங்காட்சியகத்தில் எல்லோரும் மைக்ரான் மேடம் என்பார்கள். மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பழைய உலோகப் பொருள்களின் மேல் இருக்கும் தங்கமுலாம் எத்தனை மைக்ரான் தடிமன், எந்த முறையில் ஏற்றியது என்று கண்டுசொல்வது அவள் வேலை. மனிதர்கள் மேல் அவள் வைத்திருக்கும் மரியாதையின் தடிமனும் ஒரு மைக்ரான்தான் என்று கணக்குப் பிரிவில் சொல்லிச் சிரிப்பார்கள். அது அவள் காதுக்கும் வந்திருக்கிறது. சற்று மிகையான மதிப்பீடு என்று அவள் நினைத்துக்கொண்டாள். பொருளைத் தள்ளி நின்று பார்த்து, தலையைச் சாய்த்து, "பாத்தாலே தெரியுதே மேடம், அந்தக் காலத்து வேலை" என்கிற காப்பாளர்களை அவளுக்குப் பிடிக்காது. கடைசியாகத் தன் நியமன ஆணையை மட்டுமே முழுதாகப் படித்திருந்த இயக்குநரைப் பிடிக்காது. எதைக் கொடுத்தாலும் துணியால் தேய்த்துத் தேய்த்து அதன் வயதையே துடைத்து எடுத்துவிட்டு ஓய்வுபெற்றுப் போன பழைய பராமரிப்புத் தலைவரை, பாலிஷ் என்று பெயர் வாங்கியவரை, அறவே பிடிக்காது. தாத்தாவின் தாத்தா வாங்கியது என்று ஒரு தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களைப் பிடிக்காது என்பதைவிட, அவர்கள் முகத்தில் அந்த நம்பிக்கை வடிவதைப் பார்க்கப் பிடிக்கும் என்று சொல்வதுதான் நியாயம்.

அவள் வீடு இரண்டு மாடி. மேலே அவள், கீழே தங்கையும் தங்கையின் கணவரும். நடுவில் ஒரு மரப்படிக்கட்டு. தங்கைக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் படி ஏறமாட்டாள், துடைப்பக் கம்பால் கூரையை இடிப்பாள். ஒரு இடி என்றால் சாப்பாடு, இரண்டு என்றால் தொலைபேசி, தொடர்ந்து இடித்தால் வெறும் கோபம். இருபது ஆண்டுகளாக அக்காவும் தங்கையும் இப்படித்தான் பேசிக்கொண்டார்கள், இதில் இருவருக்கும் குறையில்லை. தங்கையின் கணவர் ஒரு பழைய குடும்பத்தின் கடைசி வாரிசு. அவர்கள் வீட்டில் செம்பால் செய்து தங்கமுலாம் பூசிய ஒரு கொக்கு இருந்தது. ஐந்து வயதுப் பிள்ளையின் உயரம். ஒற்றைக் காலில் நின்று, மறுகாலை மடக்கி, கழுத்தை வளைத்துத் தன் மார்பையே பார்த்துக்கொண்டிருக்கும். அதனால் அவர்களுக்குக் கொக்கு வீட்டார் என்றே பெயர். அந்தக் குடும்பம் முழுக்கவே தன் மார்பைப் பார்த்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கிற குடும்பம் என்பது மைக்ரானின் கருத்து.

கொக்கு வீட்டுக்காரர் முதலில் பேசிப் பழகியது மூத்தவளிடம்தான். ஒருநாள் மாலை வந்து உட்கார்ந்து தன் வீட்டுக் கொக்கைப் பற்றி ஆசையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "முலாம் என்ன முறை?" என்று கேட்டாள். "பழங்காலத்து முறை" என்றார். "பழங்காலம்னா எது? தங்க இலை ஒட்டினதா, நெருப்புல காட்டினதா?" என்றாள். "அதெல்லாம் எனக்கெப்படித் தெரியும்? பளபளன்னு இருக்கும்" என்றார். அவள் சிரித்தாள். சாதாரணச் சிரிப்பில்லை, கண்ணில் தண்ணீர் வரும்வரை, அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைக்கும்வரை சிரித்தாள். தேநீர் கொண்டுவந்த தங்கை சிரிக்கவில்லை. அடுத்த ஆண்டு அவருக்கும் தங்கைக்கும் கல்யாணம் ஆனது. அதற்குப் பிறகு மூத்தவளை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று அவருக்கு முடிவே வரவில்லை. "இங்க பாருங்க" என்று கூப்பிட்டே காலத்தை ஓட்டிவிட்டார்.

குழந்தையில்லை, சொந்த வீடும் விற்றாகிவிட்டது, கொக்கு மட்டும் கீழ்த்தளத்துக் கூடத்தில் நின்றது. தனக்குப் பின் அது யார் கையில் போய் என்ன ஆகுமோ என்று அவர் கவலைப்பட்டு, அதை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிடத் தீர்மானித்தார். பதிலுக்கு அவர் கேட்டதெல்லாம் கொக்கின் காலடியில் ஒரு பெயர்ப்பலகை, அதில் கொக்கு வீடு என்று இரண்டு சொல். ஏற்றுக்கொள்வதற்கு முன் ஆய்வு செய்வது விதி. ஆய்வு செய்யும் ஆள் ஒருத்திதான்.

பழைய நாளில் தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்து வெண்ணெய் பதத்துக்குக் குழைத்துச் செம்பின் மேல் தடவி நெருப்பில் காட்டுவார்கள். பாதரசம் புகையாய்ப் போய்விடும், தங்கம் செம்பைக் கவ்விக்கொண்டு நிற்கும். புகையைக் குடித்தவர்களுக்குக் கை நடுங்கும், பல் உதிரும், பிறகு அவர்களும் போய்விடுவார்கள். ஆனால் பாதரசம் முழுக்கப் போவதில்லை. அதில் ஒரு துளி தங்கத்துக்குள்ளேயே தங்கிவிடும். எத்தனை நூற்றாண்டு ஆனாலும் எக்ஸ்-கதிர்க் கருவியைக் காட்டினால் இருக்கிறேன் என்று சொல்லும். மின்சாரத்தால் முலாம் ஏற்றுவது பின்னால் வந்த வழக்கம். அதில் பாதரசத்துக்கு வேலையே கிடையாது. ஆகவே கேள்வி சுலபம். பாதரசம் இருந்தால் பழையது, இல்லாவிட்டால் மின்முலாம். கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் சோதிக்க வேண்டும் என்பது அந்தத் தொழிலில் முதல்நாள் சொல்லிக்கொடுக்கும் பாடம். மைக்ரான் கொக்கைப் படுக்கவைத்து, வாலுக்கு அடியில், ஒரு கட்டைவிரல் அகலத்துக்குள் கருவியை வைத்தாள். தங்கம் இருந்தது, செம்பு இருந்தது, பாதரசம் இல்லை. அதே இடத்திலிருந்து தூசியளவு சுரண்டி, பிசினில் பதித்து, மெருகேற்றி, நுண்ணோக்கியில் பார்த்தாள். நெருப்புமுலாம் என்றால் குமிழி வெடித்த பள்ளங்களோடு அலையலையாகத் தெரியும். இது அளவுகோல் வைத்துக் கோடு போட்ட மாதிரி இருந்தது. கருவியைக் கழுத்தில் வைத்துப் பார்த்திருக்கலாம், இறக்கையில் வைத்துப் பார்த்திருக்கலாம். கருவி சுரண்டுவதில்லை, கீறுவதில்லை, கை நகர்த்தினால் போதும். ஒரு இடம் பார்த்தால் போதாது என்கிறவர்கள் பார்க்கத் தெரியாதவர்கள் என்பது அவள் கொள்கை. பாதரசம் காணப்படவில்லை என்று எழுதினாள், பிற்கால மின்முலாம், காட்சிக்குத் தகுதியற்றது என்று எழுதினாள், கையெழுத்தும் போட்டாள். அன்று மதியம் அவளுக்கு நல்ல பசி.

கொக்கு நிலவறைக் கிடங்குக்குப் போனது. இயக்குநர் ஒரு செய்தியாளரிடம் இதை வேடிக்கையாகச் சொன்னார், செய்தியாளர் வேடிக்கையாக எழுதினார், ஊர் வேடிக்கையாகப் படித்தது. தெருப்பிள்ளைகள் கொக்கு வீட்டுக்காரரைத் தகரக் கொக்கு என்று கூப்பிடத் தொடங்கினார்கள். கடைக்காரர் சில்லறை கொடுக்கும்போது அவர் கொடுத்த நாணயத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, "ஒண்ணுமில்ல சார், சும்மா" என்றார். அவர் வெளியே போவதை நிறுத்தினார். பிறகு கூடத்துக்கு வருவதையும் நிறுத்தி, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். தங்கை ஒரேயொரு தடவை படியேறி வந்தாள், இருபது ஆண்டில் முதல் தடவை. வாசற்படியில் நின்று, "அன்னிக்குச் சிரிச்ச சிரிப்ப இன்னிக்கு எழுத்துல எழுதிட்ட, இல்லக்கா?" என்றாள். "கருவி சொன்னத எழுதினேன்" என்றாள் மைக்ரான். "கருவியப் பிடிச்ச கை யாருது?" என்று கேட்டுவிட்டுத் தங்கை இறங்கிப் போனாள். அதற்குப் பிறகு துடைப்பக் கம்பு கூரையை இடிக்கவில்லை.

மௌனம் ஒன்றும் மைக்ரானுக்குப் புதிதில்லை. அவள் தானே விரும்பி அமைத்துக்கொண்டவை எத்தனையோ உண்டு. ஆய்வுக்கூடத்தில் நாள் முழுக்க ஒரு சொல் பேசாமல் இருந்துவிட்டு அதைப் பற்றி நினைக்காமல் வீட்டுக்கு வருவாள். ஆனால் கீழேயிருந்து மேலே வருகிற மௌனம் வேறு மாதிரி இருந்தது. அது தரைப்பலகைகளின் இடுக்கில் நின்றது. சாப்பாட்டு நேரத்தில் அவள் கையில் புத்தகத்தோடு உட்கார்ந்து ஒரே பக்கத்தைப் படித்துக்கொண்டிருப்பாள், காது மட்டும் காலடியில் இருக்கும். தன் முடிவு சரி என்பதில் அவளுக்குச் சந்தேகமில்லை. தன் கை வாலடிக்குப் போனது தொழில் விதியாலா, அங்கேயே நின்றது வேறெதனாலா என்பதை மட்டும் யோசிக்கத் தொடங்கி, யோசிக்காமல் விட்டுவிடுவாள்.

அப்போதுதான் துளிகள் வந்தன. முதலில் ஒன்று, பிறகு இரண்டு மூன்றாக, பிறகு தெருவோரம் ஒரு வெள்ளிக் கயிறு இழுத்துவிட்ட மாதிரி. கூரை ஓடுகளிலிருந்து வந்தவை உண்டு. பழைய மதில்களின் பாசியிலிருந்து, ஆற்று வண்டலிலிருந்து, மீன்களின் வயிற்றிலிருந்து வந்தவை உண்டு. இடுகாட்டிலிருந்து வந்தவை கடைசியாக வந்தன. அவை மனிதர்களின் எலும்புக்குள் நெடுங்காலம் இருந்தவை என்பதால் மற்றவற்றைவிட மெதுவாகவும் சற்று நடுங்கிக்கொண்டும் உருண்டன. மிதிவண்டிக்காரர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். அருங்காட்சியகத்தில் யாரோ வெப்பமானியை உடைத்துவிட்டார்கள் என்று இயக்குநர் முடிவுகட்டி, எல்லாப் பிரிவுகளும் தங்கள் வெப்பமானிகளை உடனே ஒப்படைக்க வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். எந்தப் பிரிவிலும் வெப்பமானி இல்லாததால், இல்லை என்று எழுதி ஒப்படைத்தார்கள். துப்புரவுப் பெண் அட்டையால் துளிகளைக் கூட்டி அள்ளிக் குப்பியில் அடைத்து வெளியே வைப்பாள். மூடி எப்படித் திறந்தது என்று தெரியாமல் அவை மறுபடி உள்ளே வந்திருக்கும். இரண்டு நாள் திட்டினாள். மூன்றாம் நாள் சுற்றிக்கொண்டு பெருக்கப் பழகிவிட்டாள்.

துளிகள் முதலில் போனது ஆய்வுக்கூடத்துக்கு. மைக்ரானின் நாற்காலியைச் சுற்றி, மனு கொடுக்க வந்தவர்கள் மாதிரி, சத்தமில்லாமல் கூடி நின்றன. அவள் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தாள். ஒன்று மேசைமேல் ஏறியது. அதைப் பிடித்துக் கருவிக்குள் வைத்தாள். பாதரசம் என்றது கருவி. எங்கிருந்து, எதற்கு என்று கருவி சொல்லாது. நுண்ணோக்கியில் பார்த்தபோது அதன் முதுகில் ஒரு துகள் பாசியும், ஒரு மீன் செதிளின் ஓரமும், சுண்ணாம்பாகிப் போன எலும்புப் பொடியும் ஒட்டியிருந்தன. சூழல் மாசு என்று குறித்துக்கொண்டு, பாதரசத்தைக் கட்டிப்போடும் கந்தகப் பொடியை எடுத்துச் சுற்றிலும் தூவினாள். பாதரசம் சாட்சி சொல்ல வந்தால் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று எந்தச் செய்முறையிலும் எழுதியிருக்கவில்லை. துளிகள் கந்தகத்தைத் தாண்டிக் கொஞ்ச நேரம் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன, அல்லது அவளுக்கு அப்படித் தோன்றியது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக அறையைவிட்டு வெளியேறி நிலவறைப் படிகளில் இறங்கின. அவள் பின்னாலேயே போயிருக்கலாம். எங்கே போகின்றன என்பது அவளுக்குத் தெரியும். தங்கத்தைக் கண்டால் பாதரசம் என்ன செய்யும் என்பது அந்தக் கட்டடத்தில் அவளைவிட நன்றாக யாருக்கும் தெரியாது. போகவில்லை.

விடுமுறை முடிந்து கிடங்கைத் திறந்தபோது கொக்கு வெள்ளையாக இருந்தது. அலகு, கழுத்து, இறக்கை, ஒற்றைக் கால், மடக்கிய கால் எல்லாமே பால்வெள்ளை. வந்த பாதரசம் தன் பழைய தங்கத்தைத் தேடிக் கண்டு, தனக்குள் கரைத்துக்கொண்டு, வெண்ணெய் பதத்தில் அப்படியே படிந்து உட்கார்ந்துவிட்டது. தரையில் ஒரு துளி பாக்கியில்லை. காவலாளி கையைக் கட்டிக்கொண்டு சுற்றிவந்து பார்த்தார். "இப்பத்தான் மேடம் இது கொக்கு மாதிரி இருக்கு" என்றார். மைக்ரான் விளக்கை வாங்கிக்கொண்டு தரையில் படுத்து வாலடியைப் பார்த்தாள். அங்கே, ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு மட்டும், தங்கம் தங்கமாகவே இருந்தது. எந்தத் தங்கத்தையும் விழுங்கிவிடும் பாதரசம் அந்த ஒரு இடத்தை, தெரியாதவர் வீட்டு வாசலைக் கடப்பதுபோல, தொடாமல் சுற்றிப் போயிருந்தது. அவள் எழுந்திருக்க நேரமாயிற்று. காவலாளி கை கொடுக்கப் போய், பழக்கமில்லாததால் நிறுத்திக்கொண்டார்.

அன்றே பாலிஷ் வீட்டுக்குப் போனாள். அவர் கதவின் பித்தளைக் கைப்பிடியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். வயதானதால் மூக்கும் நெற்றியும்கூடத் தேய்த்துவிட்ட மாதிரிப் பளபளத்தன.

"வாம்மா மைக்ரான். உக்காரு. நாற்காலியக் கீறிடாத."

"கொக்கு வீட்டுக் கொக்குல எப்பவாவது கை வச்சீங்களா?"

"வச்சேனே. உங்க வீட்டு மாப்பிள்ளையோட அப்பா கூப்பிட்டார். அங்கங்க பச்சை பூத்திருக்கு, புது முலாம் ஏத்தலாமான்னு கேட்டார். ஒரு இடத்துல பழசச் சுத்தமாத் தேய்ச்சு எடுத்துட்டு, தூரிகையால மின்முலாம் குடுத்துப் பாத்தேன். நிறம் ஒத்து வரல. விட்டுட்டேன்."

"எந்த இடத்துல?"

"வால் அடியில."

அவள் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தாள்.

"பின்ன, மூக்கு மேலயா சோதிப்பாங்க? கண்ணுக்குத் தெரியாத இடத்துலதான் சோதிக்கணும். நீ படிச்ச பாடத்தத்தான் நானும் படிச்சேன்." துணி நின்றது. "நீ எங்க வச்ச கருவிய?"

அவள் கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் அவள் முகம் நீண்டு வளைந்து தெரிந்தது.

"அடிப்பாவி," என்றார் பாலிஷ், மெதுவாக, ஏறக்குறைய அன்பாக. "கொக்கு முழுக்க இடம் கிடந்துச்சே."

வீட்டுக்கு நடந்தே போனாள். வாழ்நாளெல்லாம் அவள் இளக்காரமாக நினைத்த ஒவ்வொருவரும், தலையைச் சாய்த்துப் பார்க்கும் காப்பாளர்கள், தகரப்பெட்டிக்காரர்கள், பாலிஷ்கூட, அன்று மாலை அவளுக்குச் சற்று மேலானவர்களாகத் தெரிந்தார்கள். அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. அவள் இளக்காரம் குறையவில்லை. அதற்கு இத்தனை நாளும் பலர் இருந்தார்கள், இப்போது ஒரே ஆள். பளபளன்னு இருக்கும் என்று சொன்னவனுக்குக் கொக்கைப் பற்றி ஒன்றும் தெரியாது; ஆனால் அவன் சொன்னதில் தப்பில்லை. தெரிந்தவள் தப்பு.

மறுநாள் திருத்தம் எழுதிக்கொண்டு இயக்குநரிடம் போனாள். முந்தைய முடிவு தவறு, சோதித்த இடம் தவறு, சோதித்தவள் நான் என்று மூன்றே வரி. அவர் அதை வாங்காமல் ஒரு புதுப் பெயர்ப்பலகையை எடுத்து நீட்டினார். வெள்ளிமுலாம் பூசிய அபூர்வக் கொக்கு என்று அச்சடித்திருந்தது.

"இது வெள்ளி இல்ல சார். பாதரசமும் தங்கமும்."

"பாக்க வெள்ளி மாதிரிதானே மேடம் இருக்கு?"

"என் திருத்தம்?"

"ஒரு பொருளுக்கு ஒரு அறிக்கைதான் மேடம். ரெண்டு குடுத்தா நமக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நினைப்பாங்க."

"தெரியாதுதான் சார்."

"அத வெளிய சொல்லணுமா?" என்று கேட்டார் இயக்குநர், உண்மையாகவே புரியாமல்.

வழக்கமாக இந்த மாதிரி இடத்தில் அவளுக்கு ஒரு சூடான திருப்தி வரும். அன்று வரவில்லை. இவனும் நானும் ஒரே தட்டு என்று நினைத்தாள். பலகை மேலே போய்விட்டால் கொக்கு ஊருக்கு வெள்ளிக் கொக்காகிவிடும், வீட்டுக்குத் தகரக் கொக்காகவே இருந்துவிடும், கீழே இருப்பவர் சுவரைப் பார்த்தபடியே செத்துப்போவார், கூரையை யாரும் இடிக்கமாட்டார்கள். இதற்கு ஒரே வழிதான் இருந்தது, அது முந்நூறு ஆண்டுப் பழைய வழி. பாதரசத்தில் கரைந்து நிற்கிற தங்கத்தை மறுபடி நெருப்பில் காட்ட வேண்டும்.

மாலையில் படி இறங்கிக் கதவைத் தட்டினாள். தங்கை திறந்தாள். "நாளைக்குக் காலையில ஆய்வுக்கூடத்துக்கு வா. அவரையும் கூட்டிட்டு வா. கொக்க நெருப்புல காட்டப் போறேன்" என்றாள் மைக்ரான். மன்னித்துக்கொள் என்ற சொல் வாயில் வந்து நின்றது. அது வாங்கிப் பழகாத பொருள் போல எங்கே பிடிப்பது என்று தெரியாமல் திரும்ப விழுங்கினாள். தங்கை கதவைச் சாத்தினாள். ஆனால் தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்கவில்லை.

காலையில் இருவரும் வந்தார்கள். அவர் பல வாரம் கழித்துச் சட்டைக்குப் பொத்தான் போட்டிருந்தார், ஒன்று மாறிப் போட்டிருந்தார். மைக்ரான் அவர்களைத் தாழ்வாரத்துக் கண்ணாடிக் கதவுக்கு அப்பால் நிறுத்தினாள். புகையை உறிஞ்சும் கூண்டில் கொக்கு முழுசாக அடங்கவில்லை, ஒற்றைக் கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதனால் கூண்டின் கதவை மூட முடியவில்லை. முகமூடியின் வடிகட்டி காலாவதியாகி நெடுநாள் ஆகியிருந்தது. கொள்முதல் பிரிவுக்கு அவள் அனுப்பிய கோரிக்கைகள் ஒரு தனி வரலாறு. அந்த முகமூடியையே மாட்டிக்கொண்டு நெருப்புக் குழலைப் பற்றவைத்தாள். இதை வேறு யார் கையிலாவது கொடுத்திருக்கலாம் என்று பின்னால் சொன்னார்கள். யார் கையில்? ஊரிலேயே நம்பத்தகாத கை என்று அவளுக்கு நிரூபணமானது ஒன்றுதான். அதைத்தான் நெருப்பில் காட்ட வேண்டும் என்று அவள் நினைத்திருக்கலாம்.

முதலில் வெள்ளை சாம்பல் நிறமானது. பிறகு கொக்கின் முதுகில் வியர்த்த மாதிரி துளிர்த்து, துளிர்த்தவை புகையாகி எழுந்தன. மீன் வயிற்றிலிருந்து வந்தவை, பாசியிலிருந்து வந்தவை, எலும்பிலிருந்து நடுங்கி வந்தவை எல்லாம் சேர்ந்து ஒரே புகையாகக் குழாயில் ஏறிப் போயின. கொஞ்சம் வெளியே வழிந்து அவள் முகத்தைச் சுற்றிவிட்டுப் போனது. இறக்கையில் மங்கலாக ஒரு மஞ்சள் எழுந்தது. அவள் மெருகேற்றும் கல்லை எடுத்து, சூட்டோடு சூடாக, இறகு இறகாக அழுத்தித் தேய்த்தாள். மஞ்சள் தங்கமானது. முழங்கை வலித்தது, கண் எரிந்தது. நேரம் போனது யாருக்கும் தெரியவில்லை. கண்ணாடிக்கு அப்பால் இரண்டு நிழல்கள் அசையாமல் நின்றன.

பிறகு கண்ணாடி இடிபட்டது. ஒரு இடி. மைக்ரான் திரும்பிப் பார்த்தாள்.

"கழுத்துப் பக்கம் இன்னும் கொஞ்சம் காட்டு," என்று கத்தினாள் தங்கை. "அங்க வெளுப்பா இருக்கு."

"எனக்குத் தெரியும்டி," என்றாள் மைக்ரான் முகமூடிக்குள்ளிருந்து, நெருப்பைக் கழுத்துக்கு நகர்த்தியபடி.

எல்லாம் முடிந்து, காற்று சுத்தமாகும்வரை காத்திருந்து, கதவைத் திறந்தபோது அவர் மெதுவாக உள்ளே வந்தார். கொக்கைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். "இங்க பாருங்க," என்று ஆரம்பித்து, அதற்கு மேல் என்ன என்று தெரியாமல் நின்றார். பிறகு, "இது என்ன முறை?" என்று கேட்டார்.

மைக்ரான் கையுறையைக் கழற்றினாள். "பழங்காலத்து முறை" என்றாள்.

இந்தத் தடவை சிரித்தது தங்கை. சாதாரணச் சிரிப்பில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

கொக்கு இப்போது முதல் மாடியில் ஜன்னலோரம் நிற்கிறது. வெள்ளி என்று அடித்த பலகையின் பின்பக்கத்திலேயே கொக்கு வீடு என்று எழுதித் திருப்பி மாட்டியிருக்கிறார்கள். புதுப் பலகைக்கு ஒப்புதல் கிடைக்கவில்லை. வாலடியில் அந்தக் கட்டைவிரல் அகலம் மட்டும் சற்று அதிக மஞ்சளாக இருக்கும். குனிந்து பார்க்கிறவர்கள் இல்லை. இயக்குநர் இன்னும் பெரிய அருங்காட்சியகத்துக்கு இயக்குநராகப் போனார். அங்கே பேசும் இடமெல்லாம் பாதரச முலாம் பற்றித் தான் கண்டறிந்ததாகச் சொல்கிறார். பாலிஷ் இறந்துவிட்டார், அவர் வீட்டுக் கதவுக் கைப்பிடி தேய்ந்து கடைசியில் ஒரு ஆணி அளவுக்கு மெலிந்திருந்தது. கொக்கு வீட்டுக்காரர் கடைக்குப் போகிறார். பிள்ளைகள் இன்னமும் தகரக் கொக்கு என்றுதான் கூப்பிடுகிறார்கள், அவரும் திரும்பிப் பார்க்கிறார். மைக்ரானுக்குக் கை லேசாக நடுங்க ஆரம்பித்து, நுண்ணோக்கியின் திருகைப் பிடிக்க முடியாமல் போகவே முன்னதாகவே ஓய்வு பெற்றாள். மனிதர்கள் மேல் அவளுக்கு மரியாதை கூடியதாகத் தெரியவில்லை. ஆனால் தேநீரைக் கீழே போய்த்தான் குடிக்கிறாள், கோப்பையைத் தங்கை பாதிதான் நிரப்புகிறாள், நடுங்கினால் சிந்தாமல் இருக்க.

திருத்த அறிக்கையை இன்றுவரை யாரும் வாங்கவில்லை. பாதரசத்துக்கு அது தேவைப்படவுமில்லை. யாராவது கொக்கின் முன் நின்று இது அசல்தானா என்று மனதில் நினைத்தால்கூட, அடுத்த சில நாளில் ஒரு துளியாவது வாசலுக்கு வந்துவிடும். காவலாளிக்குப் பழகிவிட்டது. நாற்காலியிலிருந்து எழாமலே, "எல்லாம் சரியாத்தான் இருக்கு, போ, போ" என்பார். அது கொஞ்ச நேரம் நின்று யோசித்துவிட்டு, வந்த வழியே உருண்டு போகும்.